ஒரு வாரக் கோப்பை: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் தொடர் எப்படி நடக்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மே மாதப் பிற்பகுதியில் பட்டமளிப்பு விழாக்கள் முடிந்து மாணவர் விடுதிகள் காலியாகிக்கொண்டிருக்கும் வேளையில், பேஸ்பால் அணிகளுக்கு மட்டும் ஆண்டின் மிக நெருக்கடியான வாரம் தொடங்குகிறது. அந்த நாட்களில் நாடெங்கும் ஏறத்தாழ 30 தொடர்கள் அடுத்தடுத்து நடந்து முடிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கான்ஃபரன்ஸின் சாம்பியன் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த ஆட்டங்களின் முடிவுகளை முதன்முறையாகப் பார்ப்பவருக்குச் சில செய்திகள் புதிராகத் தோன்றும். நேற்றுத் தோற்ற அணி இன்று மீண்டும் களமிறங்குகிறது. பட்டியலில் முதலிடம் பிடித்த அணி தன்னுடைய தலைசிறந்த பந்தெறிபவரை இறுதியாட்டத்தில் வெளியே உட்கார வைக்கிறது. காலிறுதியில் வீழ்ந்த அணியின் பயிற்சியாளர் அதைப் பெரிய இழப்பாகவே கருதாமல் ஊர் திரும்புகிறார். இவற்றுக்கெல்லாம் காரணம் தொடரின் அமைப்பிலும், அதைவிட முக்கியமாக மனிதத் தோளின் வரம்பிலும் இருக்கிறது.

முதலில் கான்ஃபரன்ஸ் என்பது என்னவென்று பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஏறத்தாழ 300 பேஸ்பால் அணிகள் உள்ளன. இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று ஆடுவது நடவாத காரியம் என்பதால், கல்லூரிகள் தங்களுக்குள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்துகொண்டு, பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே போட்டியிடுகின்றன. இந்தக் கூட்டமைப்பைத்தான் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். 1932-ல் உருவான தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ், அதாவது எஸ்.இ.சி., பேஸ்பாலில் இன்று மிகவும் வலுவானது. 2024-ல் டெக்சஸ், ஓக்லஹோமா ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் வந்து சேர்ந்தபின் அதில் 16 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தேர்ச்சி பெற்று மேலே செல்வது, தோற்றுக் கீழே இறங்குவது என்ற ஏற்பாடெல்லாம் இங்கே கிடையாது. எந்தக் கூட்டமைப்பில் இருப்பது என்பதைக் கல்லூரி நிர்வாகங்களும், பெருமளவுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் முடிவு செய்கின்றன.

பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே நடு வரை நீள்கிறது. ஓர் அணி அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம். எஸ்.இ.சி.யில் அவற்றில் 30 ஆட்டங்கள் கான்ஃபரன்ஸுக்குள் நடப்பவை: 10 வார இறுதிகளில், வாரத்துக்கு ஓர் எதிரணியுடன் 3 ஆட்டங்கள் வீதம். வார நடுவில் அருகிலுள்ள வேறு ஏதாவதொரு கல்லூரியுடன் ஓர் ஆட்டம் நடக்கும். இந்த 30 ஆட்டங்களின் முடிவில் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கு வழக்கப் பருவச் சாம்பியன் என்ற பட்டம் உண்டு. அதற்கு அடுத்த வாரமே, பட்டியலின் வரிசையை அடிப்படையாகக் கொண்டு அட்டவணை வகுத்து, ஒரே ஊரில் அணிகளைக் கூட்டி நடத்தப்படுவதுதான் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் தொடர். ஆகவே ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள் இருக்கக்கூடும்.

இரண்டில் எது பெரியது என்று கேட்டால், ஓர் அணியின் உண்மையான தரத்தைக் காட்டுவது வழக்கப் பருவப் பட்டமே என்பது என் கருத்து. பேஸ்பாலில் தலைசிறந்த அணியும் நான்கில் ஓர் ஆட்டத்தைத் தோற்பது இயல்பு; எனவே 4 ஆட்டங்களைக் கொண்டு தரத்தை அளக்க முடியாது, 30 ஆட்டங்களைக் கொண்டு ஓரளவு அளக்கலாம். ஆனாலும் மிகப் பெரும்பாலான கான்ஃபரன்ஸுகள் தேசியப் போட்டிக்கான தங்கள் நேரடி இடத்தை ஒரு வாரத் தொடரில் வெல்பவருக்கே தருகின்றன. ரசிகர்களை ஓரிடத்தில் திரட்டுவதும், ஒளிபரப்புக்கு நிறைய ஆட்டங்கள் கிடைப்பதும், பருவம் முழுதும் தடுமாறிய அணிக்கும் கடைசி வரை ஒரு நம்பிக்கை மிஞ்சியிருப்பதும் இந்த ஏற்பாட்டின் கவர்ச்சிகள். இதற்கு வெகுகாலம் உடன்படாத கான்ஃபரன்ஸுகளும் இருந்தன. மேற்குக் கரையின் பேக்-12 தன் பேஸ்பால் தொடரை 2022-ல்தான் தொடங்கியது. எஸ்.இ.சி.யோ 1977 முதல் நடத்தி வருகிறது.

நேரடி இடம் என்று சொன்னதற்குச் சற்று விளக்கம் தேவை. 1999 முதல் என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் 64 அணிகள் பங்கேற்கின்றன. இவற்றில் ஏறத்தாழ 30 இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு உரியவை. அந்தக் கோப்பையை வென்ற அணியை யாரும் தடுக்க முடியாது. மீதமுள்ள இடங்களை ஒரு தேர்வுக்குழு, பருவம் முழுவதற்குமான ஆட்ட வரலாற்றை ஆராய்ந்து நிரப்புகிறது. தேர்வான 64 அணிகளும் 16 ஊர்களில், ஊருக்கு 4 அணிகளாக வட்டாரச் சுற்றில் மோதுகின்றன. அதில் தேறிய 16 அணிகள் இருவர் இருவராக, மூன்றில் இரண்டை வெல்ல வேண்டிய சூப்பர் வட்டாரச் சுற்றில் ஆடுகின்றன. எஞ்சும் 8 அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குச் செல்கின்றன. 1950 முதல் கல்லூரி உலகத் தொடர் அந்நகரில்தான் நடக்கிறது. பேஸ்பால் ஆடும் எந்தக் கல்லூரி மாணவரிடம் கேட்டாலும் ஒமாஹா என்ற ஊர்ப்பெயரே இலக்காக வரும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், ஒரே தொடர் வெவ்வேறு அணிகளுக்கு வெவ்வேறு பொருள் தருவது விளங்கும். சிறிய கான்ஃபரன்ஸுகளைப் பொறுத்தவரை தேர்வுக்குழு வழக்கமாக அவற்றிலிருந்து வேறு யாரையும் அழைப்பதில்லை. கோப்பையை வெல்லும் ஓர் அணிக்கு மட்டுமே தேசியப் போட்டியின் கதவு திறக்கும். பருவம் முழுதும் முதலிடத்தில் இருந்த அணி அந்த வாரத்தில் இருமுறை சறுக்கினால் ஆண்டே முடிந்துபோகும். அந்தக் கதவு வழியே நுழைந்தவர்கள் வியப்பூட்டும் தூரம் போனதுண்டு. வட்டாரச் சுற்றில் 4 அணிகளுள் கடைசித் தரவரிசையான நான்காம் இடத்தில் வைக்கப்பட்டும் ஒமாஹா வரை சென்ற அணிகள் மொத்தம் நான்கே: 2008-ல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட், 2012-ல் ஸ்டோனி புரூக், 2023-ல் ஓரல் ராபர்ட்ஸ், 2025-ல் மரே ஸ்டேட். நான்குமே தத்தம் கான்ஃபரன்ஸ் தொடரை வென்று நேரடி இடம் பெற்றவை. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அதோடு நிற்காமல், ஜார்ஜியாவை வீழ்த்தித் தேசியப் பட்டத்தையே வென்றது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலிருந்து வந்த ஸ்டோனி புரூக், லூசியானா ஸ்டேட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்துவிட்டு ஒமாஹா போனது.

எஸ்.இ.சி. போன்ற பெரிய கான்ஃபரன்ஸில் நிலைமை தலைகீழ். 2025-ல் அதன் 16 அணிகளில் 13 அணிகள் தேசியப் போட்டிக்குத் தேர்வாயின; ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து அத்தனை அணிகள் தேர்வானது அதுவரை நிகழாதது. அதாவது, தொடருக்கு வந்தவர்களில் மிகப் பலர் கோப்பை இல்லாமலே உள்ளே போகக்கூடியவர்கள். அவர்கள் தங்கள் தரவரிசையை உயர்த்திக்கொள்வதற்காகவே போராடினார்கள். நாட்டின் முதல் 16 இடங்களில் வைக்கப்படும் அணிகளுக்கு வட்டாரச் சுற்றைச் சொந்த ஊரில் நடத்தும் உரிமை கிடைப்பது வழக்கம். சொந்தப் படுக்கையில் தூங்கி, தன் ரசிகர்களின் முன்னால் ஆடுவது சிறு சலுகையன்று. ஆனால் அதே ஆண்டில், முந்தைய ஆண்டு தேசிய இறுதி வரை சென்ற டெக்சஸ் ஏ அண்ட் எம் மோசமான பருவத்துக்குப் பின் வந்திருந்தது. தொடரில் சில ஆட்டங்களை வென்றும் கோப்பை கைக்கு எட்டாததால், அந்த அணிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, தேர்வாகுமா ஆகாதா என்ற விளிம்பில் நிற்கும் அணிகள் உண்டு. இவற்றின் தலைவிதி தாம் ஆடாத தொடர்களிலும் எழுதப்படுகிறது. ஒரு நடுத்தரக் கான்ஃபரன்ஸில், எப்படியும் தேர்வுக்குழு அழைக்கப்போகிற வலுவான அணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இறுதியில் தோற்று, யாரும் எதிர்பாராத அணி கோப்பையை வென்றால், வென்றவர் நேரடி இடத்தையும் தோற்றவர் குழுவின் இடங்களில் ஒன்றையும் பெறுவார்கள். அந்த ஓர் இடம் விளிம்பில் நின்ற வேறொரு கல்லூரியிடமிருந்து பறிபோனதாகும். அதனால்தான் அந்த வார இறுதியில் தங்கள் ஆட்டங்கள் முடிந்த அணியினர், ஆயிரம் மைல்களுக்கு அப்பால் நடக்கும் இறுதியாட்டத்தில் முன்னணி அணிக்காகக் கைதட்டிக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பார்கள்.

இனித் தொடரின் அமைப்பு. எளிமையானது ஒற்றைத் தோல்வி முறை. நாம் நாக் அவுட் என்று அறிந்தது. கல்லூரி பேஸ்பாலின் பாரம்பரிய முறையோ இரட்டைத் தோல்வி முறை. இருமுறை தோற்றால்தான் ஓர் அணி வெளியேறும். ஐ.பி.எல். தகுதிச் சுற்றில் முதல் இரு இடங்களைப் பிடித்த அணிகளுள் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு தரப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சலுகையை எல்லா அணிகளுக்கும் தந்தால் கிடைப்பதே இது. அ, ஆ, இ, ஈ என்று 4 அணிகளைக் கொண்டு நடத்திப் பார்ப்போம். முதல் நாள் அ அணி ஈ-யையும், ஆ அணி இ-யையும் வெல்கின்றன. மறுநாள் தோற்ற இ-யும் ஈ-யும் மோத, அதில் மீண்டும் தோற்ற ஈ வீடு திரும்புகிறது. வென்ற அ-வும் ஆ-வும் மோதி அ வெல்கிறது. இப்போது ஆ-வுக்கும் இ-க்கும் தலா ஒரு தோல்வி. அவை மோத, ஆ வென்று இறுதிக்கு வருகிறது. இறுதியில் அ ஒருமுறை வென்றால் போதும், கோப்பை அதற்கே. ஆ வென்றாலோ இரு அணிகளுக்கும் ஒவ்வொரு தோல்வி என்றாகிவிடும். ஆகவே கோப்பையை முடிவு செய்ய இன்னோர் ஆட்டம் வேண்டும். அட்டவணைகளின் கடைசி வரியில் “தேவைப்பட்டால்” என்ற குறிப்போடு ஓர் ஆட்டம் காணப்படுவதன் காரணம் இதுதான்.

ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதும் எளிது. சாம்பியனைத் தவிர எல்லோரும் இருமுறை தோற்க வேண்டும். சாம்பியன் ஒருமுறை தோற்றிருக்கலாம். ஆகவே 8 அணிகளுக்கு 14 அல்லது 15 ஆட்டங்கள். நாக் அவுட்டிலோ சாம்பியனைத் தவிர ஒவ்வொருவரும் ஒருமுறை தோற்றால் போதும் என்பதால் 16 அணிகளை 15 ஆட்டங்களில் முடித்துவிடலாம். அதே 16 அணிகளுக்கு இரட்டைத் தோல்வி முறை வைத்தால் 30 அல்லது 31 ஆட்டங்கள் ஆகும்; ஒரு மைதானத்தில் ஒரு வாரத்துக்குள் அது அடங்காது. எஸ்.இ.சி. 2024 வரை 12 அணிகளை மட்டும் அழைத்து, முதல் நாளும் கடைசி இரு நாட்களும் ஒற்றைத் தோல்வி, நடுவில் இரட்டைத் தோல்வி என்ற கலப்பு முறையைப் பின்பற்றியது. 2025-ல் 16 அணிகளையும் சேர்த்துக்கொண்டு முழு நாக் அவுட்டுக்கு மாறியது. பட்டியலின் முதல் 4 அணிகள் நேரே காலிறுதியில் நுழைகின்றன. 5 முதல் 8 வரையிலான அணிகளுக்கு முதல் சுற்று மட்டும் விலக்கு. அட்லாண்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யும் அதே ஆண்டில் நாக் அவுட்டுக்கு மாறியது. அதற்கு முன் அங்கே 12 அணிகளை மும்மூன்றாகப் பிரித்து ஆடவைத்த முறையில் ஒரு விந்தை இருந்தது: மூன்று அணிகளும் ஒவ்வொரு வெற்றியோடு சமநிலையில் நின்றால், பட்டியலில் உயர்ந்திருந்த அணியே முன்னேறும். அதனால் சில குழுக்களில் கடைசி ஆட்டம் தொடங்குமுன்னரே முடிவு தெரிந்துவிடும். வெற்றி தோல்வி எதையும் மாற்றாத ஆட்டத்தை ரசிகர்கள் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

காகிதத்தில் இரட்டைத் தோல்வி முறை தாராளமானதாகத் தெரியும். களத்தில் அந்த இரண்டாவது வாய்ப்புக்கு விலை உண்டு. அந்த விலை பிட்சர்களின், அதாவது பந்தெறிபவர்களின், கைகளால் செலுத்தப்படுகிறது. பேஸ்பாலில் ஓர் ஆட்டம் 9 இன்னிங்ஸ் கொண்டது; ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும். ஓர் அணியின் முதன்மைப் பிட்சர் அவற்றில் ஐந்தோ ஆறோ இன்னிங்ஸ் வரை, ஏறத்தாழ 100 பந்துகள் எறிவார். அவற்றில் பல மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் பறப்பவை. இந்த வீச்சு முழங்கையின் உட்புறத் தசைநாரைக் கடுமையாக இழுக்கிறது. அது கிழிந்தால் செய்யப்படும் அறுவை சிகிச்சை, 1974-ல் அதை முதலில் செய்துகொண்ட டாமி ஜான் என்ற பிட்சரின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. ஆகவே கல்லூரி பேஸ்பாலில் ஒரு பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆட்டத்தைத் தொடங்குவது எழுதப்படாத சட்டம். அணியின் தலைசிறந்தவர் வெள்ளிக்கிழமைக்கு, அடுத்தவர் சனிக்கு, மூன்றாமவர் ஞாயிறுக்கு என்பது வழக்கம். வார நடு ஆட்டம் பெரும்பாலும் இளையவர் ஒருவருக்குப் போகும். நம்பிக்கையோடு அனுப்பத்தக்கவர்கள் மூவர், மிஞ்சிப்போனால் நால்வர்.

இப்போது 8 அணிகளின் இரட்டைத் தோல்வித் தொடரை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எங்கும் தோற்காத அணி 4 வெற்றிகளில் கோப்பையைத் தொடும். அதற்கு இருக்கிற பிட்சர்களே போதும். முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணியோ தொடர்ந்து 6 முறை வெல்ல வேண்டும், அதாவது ஒரு வாரத்துக்குள் மொத்தம் 7 ஆட்டங்கள். நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு அந்த அணியிடம் புத்துணர்ச்சியுள்ள கை எதுவும் இருக்காது. அப்போது பயிற்சியாளர் கைவசமுள்ள அனைவரையும் ஆளுக்கு ஓர் இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று பிரித்து ஒப்பேற்றுவார். இப்படி எல்லோருமாகச் சேர்ந்து எறியும் நாளில் பிட்சர் யாரென்று கேட்டால் ‘ஜானி ஹோல்ஸ்டாஃப்’ (ஹோல் ஸ்டாஃப் என்றால் ஆங்கிலத்தில் ‘மொத்தப் படை’) என்று இல்லாத ஓர் ஆளின் பெயரைச் சொல்வது அமெரிக்க பேஸ்பால் வட்டாரத்தின் பழைய வேடிக்கை. ஆகவே இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு என்பது விதியளவில் உண்மை. அதைப் பயன்படுத்தும் வலிமை ஆழமான பந்துவீச்சுப் படையுள்ள அணிக்கே உண்டு.

இதிலிருந்து ஒரு சூதாட்டமும் பிறக்கிறது. முதல் நாள் பலவீனமான எதிரணி கிடைத்தால், தலைசிறந்த பிட்சரை மறுநாளுக்குப் பதுக்கி வைக்கலாமா? வைத்து வென்றால் அணிக்குப் பெரும் அனுகூலம். வைத்துத் தோற்றால் பயிற்சியாளரின் வேலைக்கே ஆபத்து. பல தொடர்களில் ஏழு இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ஓட்டங்கள் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை அத்துடன் முடித்துக்கொள்ளும் விதி உள்ளது. பார்வையாளருக்கு இது தோற்பவர் மீதான இரக்கமாகத் தோன்றலாம். இரு தரப்புப் பயிற்சியாளர்களும் மிச்சமாகும் இன்னிங்ஸுகளையே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நாட்காட்டி இன்னொரு நெருக்கடியைத் தருகிறது. எஸ்.இ.சி. இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். மறுநாள், மே மாதக் கடைசித் திங்களன்று, 64 அணிகளின் பட்டியல் வெளியாகும். அந்த வெள்ளிக்கிழமையே வட்டாரச் சுற்று தொடங்கிவிடும். ஞாயிறன்று 100 பந்துகள் எறிந்தவர் வெள்ளியன்று முழுத் தெம்போடு இருக்க மாட்டார். தேசியப் போட்டியில் இடம் உறுதியான அணி, கான்ஃபரன்ஸ் கோப்பைக்காகத் தன் முதன்மைப் பிட்சரைச் செலவழிப்பது ஏன் என்று யோசிப்பது இயல்புதான். இதைச் சிலர் அக்கறையின்மை என்று குறை கூறுவார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. 20 வயது மாணவரின் முழங்கையைக் காப்பாற்றும் முடிவு எந்தக் கோப்பைக்கும் குறைந்ததல்ல.

எஸ்.இ.சி. தொடர் 1998 முதல் நடந்துவரும் இடம் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரை ஒட்டிய ஹூவர். 1988-ல் திறக்கப்பட்ட அந்த மைதானம் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற கீழ்நிலைத் தொழில்முறை லீக் அணிக்காகக் கட்டப்பட்டது; கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பாலை முயன்ற மைக்கேல் ஜோர்டன் 1994-ல் ஆடியது இங்கேதான். முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கே முதல் பந்து வீசப்படும். ஒரே ஆடுகளம் என்பதால், ஓர் ஆட்டம் நீண்டால் அடுத்தவை எல்லாம் பின்னால் தள்ளப்படும்; மே மாத இடியும் மழையும் சேர்ந்துகொண்டால், மாலை ஆட்டமாக அச்சிடப்பட்டது நள்ளிரவைத் தாண்டி முடிவதும் உண்டு. இது பொது மைதானம் என்பதால் சொந்த ஊர் அணி என்று யாரும் இல்லை; பட்டியலில் உயர்ந்த அணி இரண்டாவதாக மட்டை பிடிக்கும் சாதகத்தைப் பெறும்.

இங்கே வென்றவர் பிறகு என்ன ஆகிறார் என்பதற்கு நிலையான விடை இல்லை. 2024-ல் டென்னசி ஹூவரிலும் வென்றது, ஒமாஹாவிலும் வென்றது. 2025-ல் வாண்டர்பில்ட் இறுதியில் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியை 3-2 என்று வென்று, தேசியப் போட்டியின் முதல் தரவரிசையையும் பெற்றது. ஆனால் சொந்த ஊரான நாஷ்வில்லில் நடந்த வட்டாரச் சுற்றையே தாண்டவில்லை. அதே ஹூவரில் அரையிறுதியோடு வெளியேறிய லூசியானா ஸ்டேட் அந்த ஆண்டின் தேசியச் சாம்பியன். 2022-ல் ஓல் மிஸ் ஹூவரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. தேர்வுக்குழு கடைசியாகச் சேர்த்த அணி என்ற பெயரோடு உள்ளே வந்து, ஒமாஹாவில் ஓக்லஹோமாவை வீழ்த்திக் கோப்பையோடு திரும்பியது.

முதன்முறையாகப் பார்க்க விரும்புபவர் பெரிய கான்ஃபரன்ஸை விட்டுவிட்டு, ஒரே ஓர் இடத்துக்காகப் போராடும் சிறிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் இறுதி நாளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அங்கே யாரும் பிட்சரைப் பதுக்க மாட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு தகவல்களைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த அணிக்கு ஏற்கெனவே ஒரு தோல்வி உள்ளது என்பது ஒன்று, இன்று எறியப்போகிறவர் கடைசியாக எந்த நாளில் எத்தனை பந்துகள் எறிந்தார் என்பது மற்றொன்று. ஹூவரின் காலை ஆட்டத்தையே பார்க்க நினைத்தால், அங்கே ஒன்பதரை மணி என்பது சென்னையில் இரவு எட்டு மணி.